டாக்டர் எட்வர்டு டிஃபின்: இரக்கமும் நீதியும்

மருத்துவர், அருளுரையாளர், சட்டமன்ற உறுப்பினர் ஆகிய மூன்று பணிகளும் ஒரே மனிதரிடம் வந்து சேர்வது இன்று அரிது. அமெரிக்கக் குடியேற்றம் மேற்கு நோக்கிப் பரவிய நாள்களிலோ, கற்றவர் சிலராகவும் தேவைகள் பலவாகவும் இருந்தமையால், இஃது அவ்வப்போது நிகழ்ந்தது. அத்தகையோருள் ஒருவரான டாக்டர் எட்வர்டு டிஃபினின் வாழ்வை இங்கு நோக்குவோம்.

டிஃபின் 1766ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்லைல் நகரில் பிறந்தார். இளமையிலேயே வர்ஜீனியாவில் குடியேறி, அங்கு மருத்துவத் தொழில் புரிந்தார். 1790இல் மெதடிஸ்டுத் திருச்சபையில் சேர்ந்தார். 1792இல் பேராயர் பிரான்சிஸ் ஆஸ்பரி அவரை டீக்கனாக அருட்பொழிவு செய்தார். ஊர்தோறும் சுற்றிவரும் குருவாக அவர் செல்லவில்லை; மருத்துவத் தொழிலில் இருந்தவாறே அருளுரை ஆற்றி வந்தார்.

1798இல் டிஃபின் தம் அடிமைகளை விடுவித்துவிட்டு, மைத்துனர் தாமஸ் வொர்த்திங்டனுடன் ஒஹாயோ ஆற்றைக் கடந்து சில்லிக்காதி என்னும் ஊரில் குடியேறினார். அப்பகுதியில் அடிமை முறையை 1787ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் அளித்த பரிந்துரைக் கடிதமும் அவருக்குத் துணைநின்றது. மறு ஆண்டே அப்பகுதியின் சட்டமன்றம் அவரைத் தன் அவைத் தலைவராகத் தெரிந்துகொண்டது.

ஒஹாயோவைத் தனி மாநிலமாக்கும் அரசியலமைப்பை வகுக்க, 1802 நவம்பரில் 35 உறுப்பினர் கூடினர். டிஃபினே தலைமை வகித்தார். அடிமை முறைக்கு இம்மாநிலத்தில் இடமில்லை என அவை உறுதி செய்தது. அங்கு ஏற்கெனவே குடியிருந்த கறுப்பின ஆடவருக்கு வாக்குரிமை வழங்கவும் முதலில் இசைந்தது. பின்னர் அவ்வுரிமையை நீக்கவேண்டும் என்ற முன்மொழிவு வந்தபோது, இருபுறமும் 17 வாக்குகள் விழுந்தன. முடிவு தலைவரின் கையில் இருந்தது. டிஃபின் நீக்குவதற்கே வாக்களித்தார்.

1803இல் அவர் மாநிலத்தின் முதல் ஆளுநரானார். 1806இல் ஏரன் பர்ரின் சதித்திட்டத்தை முறியடிக்கப் படையை ஏவிப் படகுகளைக் கைப்பற்றச் செய்தார். பின்னர் ஐக்கிய நாட்டு மேலவையிலும், மீண்டும் ஒஹாயோ சட்டமன்றத்திலும் பணியாற்றினார். 1814இல் ஆங்கிலப் படை வாஷிங்டனை எரித்தபோது, தம் பொறுப்பிலிருந்த நில அலுவலகத்தின் ஆவணங்களைக் காப்பாற்றினார். 1829இல் சில்லிக்காதியில் காலமானார்.

ஆயினும் அந்த ஒரு வாக்கின் விளைவை நாம் கருதவேண்டும். 1804இலும் 1807இலும் ஒஹாயோ சட்டமன்றம் கறுப்பினத்தாரை ஒடுக்கும் சட்டங்களை இயற்றியது. புதிதாகக் குடியேறும் கறுப்பினத்தார் 500 டாலருக்குப் பிணை காட்டவேண்டும். வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சான்று கூறலாகாது என்றது பிந்திய சட்டம். ஆளுநராயிருந்த டிஃபினுக்குச் சட்டங்களைத் தள்ளும் அதிகாரம் அரசியலமைப்பில் இல்லை. அச்சட்டங்களை இயற்றியோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ அவற்றால் துன்புற்றோருக்கு இல்லை. நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்னும் திருத்தம் 1870இலேயே நாட்டின் சட்டமாயிற்று.

தம் வீட்டிலிருந்த அடிமைகளை விடுவித்தது இரக்கச் செயலே. அதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் விடுதலை பெற்றவரைத் தமக்குச் சமமான குடிமக்களாக ஏற்பது அதனினும் கடினமான அடுத்த படியாகும். அப்படியில் டிஃபினின் கால் தயங்கி நின்றது. ஏழைக்கு உதவுவதோடு நம் கடமை முடிந்ததென எண்ணி, முடிவெடுக்கும் அவையில் அவருக்கு இடமளிக்க நாமும் தயங்குகிறோமா என்பது சிந்திக்கற்பாலது.