ஒரு குமிழி போதும், ஜெட் அணைந்துவிடும்! நிஜ டர்பைனில் பறக்கும் மாடல் விமானம் எப்படித் தயாராகிறது?

பார்க்க ரிமோட் பொம்மை மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே ஓடுவது நிஜ ஜெட் என்ஜின். ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள டர்பைன், 10 கிலோ அளவுக்கு உந்துவிசை தரும். முழு வேகத்தில் அதன் அச்சு நிமிடத்துக்கு சுமார் ஒன்றரை லட்சம் முறை சுற்றும்.

இதை வீட்டிலேயே செய்து ஓட்டிக்காட்டிய முன்னோடி, ஜெர்மனியின் கர்ட் ஷ்ரெக்லிங். காற்றை அழுத்தும் சக்கரத்தை அவர் எதில் செய்தார் தெரியுமா? கார்பன் இழை சுற்றிய மரத்தில்! பின்னால் வந்தவர்கள் டர்போசார்ஜர் சக்கரத்தை எடுத்துப் பொருத்தினார்கள். இன்று என்ஜின் ரெடிமேடாகவே கிடைக்கிறது.

சரி, வாங்கி ஸ்க்ரூ போட்டால் வேலை முடிஞ்சுதா? அதுதான் இல்லை. தலைவலியே அப்புறம்தான்.

எரிபொருள் டியூபில்தான் விஷயம்

எரிபொருள் மண்ணெண்ணெய். அதோடு சுமார் 5% ஆயில் கலப்பார்கள். என்ஜினின் பேரிங்குக்குத் தனி ஆயில் ஏற்பாடு கிடையாது, இந்தக் கலவையே போய் நனைக்க வேண்டும். டேங்கிலிருந்து அதை இழுத்துத் தருவது ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்ப். எவ்வளவு தர வேண்டும் என்பதை, சுழற்சி வேகத்தையும் புகைபோக்கிச் சூட்டையும் பார்த்து ஒரு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது.

பம்புக்கு முன்னால் இருக்கும் டியூபில் ஒரு மூட்டு லூஸாக இருந்தால் என்ன ஆகும்? எரிபொருள் வெளியே சொட்டாது. பம்ப் உறிஞ்சுவதால் வெளிக்காற்று உள்ளே போகும். கசிவே கண்ணில் படாது என்பதுதான் கொடுமை. அந்தக் குமிழி என்ஜினுக்குள் போனால் தீச்சுடர் அணைந்துவிடலாம். ரேடியோவுக்குத் தனி பேட்டரி இருப்பதால் விமானத்தைத் திருப்ப முடியும். ஆனால் ஜெட் மாடல்கள் மெதுவாக மிதந்து இறங்கும் ரகம் அல்ல. உயரம் இல்லையென்றால் கதை முடிந்தது.

அதனால்தான் பெரிய டேங்குக்கும் பம்புக்கும் நடுவில், குமிழியைப் பிடித்துவைக்க இன்னொரு குட்டி டேங்க். விமானம் முன்பக்கம் கனக்கிறதா, பின்பக்கம் கனக்கிறதா என்று பார்க்கும்போதும் பெரிய டேங்க் காலி, குட்டி டேங்க் ஃபுல் என்ற நிலையில்தான் பார்ப்பார்கள். தரையிறங்கும் நேரத்து நிலை அதுதானே.

பக்கவாட்டில் நிற்காதீங்க

ஸ்டார்ட் ஆகாத என்ஜினுக்குள் எரிபொருள் தேங்கியிருந்தால், அடுத்த முறை பின்பக்கம் தீ கக்கும். பக்கத்திலேயே கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் வைத்திருப்பார்கள். பவுடர் அடித்தால் தீயோடு என்ஜினும் போய்விடும். சக்கரம் உடைந்தால் துண்டுகள் பக்கவாட்டில் பறக்கும் என்பதால் என்ஜினுக்கு நேர் பக்கத்தில் யாரையும் நிற்க விடுவதில்லை. அமெரிக்காவின் மாடல் விமான அமைப்பான ஏ.எம்.ஏ., டர்பைன் ஓட்டுபவர்களுக்குத் தனி அனுமதி முறையே வைத்திருக்கிறது.

பறக்கவிடும் முன் விமானத்தைக் கட்டிப்போட்டு என்ஜினை முழு வேகத்தில் ஓட்டுவார்கள். சத்தம் காதைப் பிளக்கும். ஆனால் கட்டியவரின் கண் என்னவோ அந்தக் கண்ணாடி போன்ற டியூப் மேலேயேதான் இருக்கும். குமிழி ஓடினால் என்ஜினை ஆஃப் செய்துவிட்டு, ஒவ்வொரு மூட்டாகக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.