சிறுமணி உலோகப் படலங்களில் ஹோல் விளைவு

உலோகமொன்றுடன் மின்னைக் கடத்தாத காவலிப் பொருளைக் கலந்தால் அதன் மின்னியல்புகள் நலிவுறும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பாகும். 1995ஆம் ஆண்டில் ஹொங்கொங் விஞ்ஞான தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட பெறுபேறு இதற்கு மாறாக அமைந்தது. நிக்கலையும், மணலின் முதன்மைக் கூறாகிய சிலிக்கனீரொட்சைட்டையும் சேர்த்து ஆக்கிய மெல்லிய படலத்தில், ஹோல் விளைவு தூய நிக்கலில் உள்ளதிலும் ஏறத்தாழ 10,000 மடங்கு பெரிதாயிருந்தது.

காந்தப்புலம் விசையைச் செலுத்துவது கடத்தியின் மீதேயன்றி அதில் ஓடும் மின்னோட்டத்தின் மீதன்று என்று மக்சுவெல் தம் நூலில் எழுதியிருந்தார். அமெரிக்க மாணவரான எட்வின் ஹோல் இதனை ஐயுற்றார். 1879இல் மெல்லிய பொற்றகட்டினூடாக மின்னோட்டத்தைச் செலுத்தி, தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலத்தை அமைத்தபோது, ஓட்டத்துக்குக் குறுக்கான திசையில் சிறியதோர் அழுத்த வித்தியாசம் தோன்றுவதை அவர் கண்டார். இரும்பு முதலிய காந்த உலோகங்களில் அது மிகப் பெரிதாயிருப்பதையும் பின்னர் அவரே அறிந்தார். அங்கு புறப்புலம் மட்டுமன்றி, உலோகத்தின் காந்தமாக்கமும் இலத்திரன்களைப் பக்கவாட்டில் விலக்குகின்றது.

இவ்வழுத்தம் இலத்திரன் செறிவுக்கு நேர்மாறு விகிதத்தில் அமையும் என்பதை உயர்தர வகுப்பு மாணவர் கற்கின்றனர். அளந்த அழுத்தத்திலிருந்து செறிவைக் கணிக்கவும் பழகுகின்றனர். கடத்தி எங்கும் ஒரேசீரானது என்னும் எடுகோள் அச்சமன்பாட்டினுள் மறைந்திருப்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. சிறுமணிப் படலத்தில் அந்த எடுகோள்தான் குலைகின்றது.

இப்படலத்தில் சில நனோமீற்றர் அளவான உலோக மணிகள் காவலியினுள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கின்றன. அதன் நிலையை உணர மலையகத்திலிருந்து ஓர் உவமையை எடுத்துக்கொள்வோம். தலவாக்கலையை அடுத்த வட்டகொடையில் ஒரு தேயிலை மலை; சதுரக் கட்டங்களில் செடிகள் நடப்பட்டுள்ளன; ஆங்காங்கே செடிகள் பட்டுப்போய் வெற்றிடங்கள் உள்ளன. நிலத்தைத் தொடாது, அடுத்துள்ள நான்கு செடிகளுக்கு மட்டுமே தாவக்கூடிய ஒரு புழு, அடிவாரத்திலிருந்து உச்சியை அடையுமா? மலை மிகப் பெரிதாயின், நூற்றுக்கு ஏறத்தாழ 59 இடங்களில் செடி இருந்தால்தான் தொடர்பாதை உண்டாகும். அதற்குச் சற்றுக் குறைந்தாலும் பாதை அற்றுவிடும். இவ்வெல்லையை ஆராயும் கணிதத்துக்கு 1957இல் புரோட்பென்ற், ஹமர்சிலி ஆகியோர் அடித்தளமிட்டனர். (உண்மைப் படலத்தின் எல்லை, மணிகளின் வடிவையும் அடுக்கையும் பொறுத்து வேறுபடும்.) எல்லைக்குச் சற்று மேலே பாதைகள் சிலவே, அவையும் வளைந்து நெளிந்தவை. செடிகளிற் பெரும்பாலானவை முட்டுச்சந்துகளில் நிற்பவை.

நிக்கற் படலத்தின் பெருவிளைவு இத்தகைய எல்லையருகிலேயே தோன்றியது. ஆயினும், பாதைகளின் வடிவக் கணக்கு மட்டும் 10,000 மடங்கைத் தரவில்லை. காந்தமே காரணமாகலாம் என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் 2001இல், காந்தமற்ற செம்பையும் சிலிக்கனீரொட்சைட்டையும் கொண்ட படலங்களிலும் ஏறத்தாழ 700 மடங்கு உயர்வு காணப்பட்டது. எமது கருத்தில் இந்த இரண்டாவது பெறுபேறே கூடுதல் முக்கியமானது. பாடநூற் சமன்பாட்டை அப்படியே பிரயோகித்தால், இலத்திரன்களில் 700இல் ஒரு பங்கே எஞ்சியுள்ளதென விடை வரும். செம்பின் அளவோ அவ்வளவு குறையவில்லை.

ஆய்வாளர் தந்த விளக்கம் இலத்திரனின் அலையியல்பைச் சார்ந்தது. மணிகளிடையே இலத்திரன் அலையாகப் பல வழிகளிற் சென்று தன்னுடனேயே தலையிடுகின்றது. அதனால் பல இலத்திரன்கள் உள்ளிடத்தே சிக்குண்டு, ஓட்டத்திற் பங்குபெறாது போகின்றன. ஒழுங்கின்மை அலைகளைச் சிறைப்படுத்துவது பற்றிய அடிப்படைக் கோட்பாட்டை 1979இல் வெளியிட்ட நால்வருள் இந்தியப் பௌதிகவியலாளர் டி. வி. இராமகிருஷ்ணனும் ஒருவராவார்.

காந்தப்புலத்தை அளக்கும் உணரிகளுக்கு இப்படலங்கள் பயன்படலாம் என்னும் எதிர்பார்ப்பு தொடக்கத்திலேயே எழுந்தது. எனினும் எல்லையருகில் ஹோல் அழுத்தத்துடன் படலத்தின் தடையும் பெரிதும் உயர்வதால், உணரி அமைப்போர் இரண்டையும் ஒருங்கே கணக்கிலெடுக்க வேண்டியுள்ளது.