சம்பளம் நிற்கிறது... விலைவாசி ஓடுகிறது!

'சம்பளம் ஏறலைன்னா என்ன சார்... குறையலையே!'

கேன்டீனில் டீ குடிக்கும்போது இப்படிச் சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளும் ஆசாமிகள் எல்லா ஆபீஸிலும் உண்டு. எங்கள் ஆபீஸில் அரை டஜன் பேர். அவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி... சம்பளம் குறைந்துகொண்டுதான் இருக்கிறது!

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாமா? உங்கள் சம்பளம் மாதம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறுகிறது. ஐந்து வருஷமாக உங்கள் சம்பளம் நகரவில்லை. பாங்கில் விழுவது அதே 40,000-தான். ஆனால், அது வாங்கித் தருவது, ஐந்து வருஷத்துக்கு முன்னால் சுமார் 29,900 ரூபாய்க்குக் கிடைத்த சாமானைத்தான்! பத்தாயிரத்தை யாரும் பிக்பாக்கெட் அடிக்கவில்லை. மெமோ இல்லை, நோட்டீஸ் இல்லை. போயே போச்சு!

6 சதவீதம் என்பது சும்மா அடித்துவிட்ட நம்பர் அல்ல. 2016-ல் மத்திய அரசு ரிசர்வ் வங்கிக்கு வைத்த இலக்கு 4 சதவீதம். மேலே 6 வரை போகலாம், கீழே 2 வரை இறங்கலாம் என்று கொஞ்சம் இடம் விட்டார்கள். ஆக, 6 என்பது 'சரி, பொறுத்துக்கலாம்' என்று டெல்லியே ஒப்புக்கொண்ட அளவு!

இன்னொரு சுருக்கு வழியும் இருக்கிறது. 72-ஐ விலையேற்ற சதவீதத்தால் வகுங்கள். 72-ஐ 6-ஆல் வகுத்தால் 12. பன்னிரண்டு வருஷத்தில் விலை டபுள். பையனை எல்.கே.ஜி.யில் சேர்க்கும்போது இருந்த விலை, அவன் பத்தாவது முடிக்கும்போது ரெட்டிப்பாகி நிற்கும்!

மத்திய அரசு ஊழியர்களுக்கு இதற்காகத்தான் டி.ஏ. என்று ஒன்றை வருஷத்துக்கு இரண்டு முறை கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள். பிரைவேட் கம்பெனியில் டி.ஏ. என்றால் 'டீயும் ஆறுதலும்'தான்!

சரி... காணாமல் போன பத்தாயிரத்தை யார் கட்டுகிறார்கள்?

மளிகைக் கடைக்காரர் கட்டமாட்டார். வீட்டு ஓனர் கட்டமாட்டார். பதினோரு மாச அக்ரிமென்ட் முடிந்த மறுநாளே சிரித்துக்கொண்டே வந்து நிற்பார். அப்படியானால் வீட்டுக்குள்ளேயே யாரோதான் கட்டியாக வேண்டும். கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

'எனக்கு ராத்திரி பசியே இல்லைப்பா' என்பார் அம்மா. 'ஆப்பிள் எல்லாம் எனக்குப் பிடிக்காதுங்க, குழந்தைக்குக் கொடுங்க' என்பார் மனைவி. அப்பா சத்தமில்லாமல் பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பித்திருப்பார். மேன்ஷனில் இருக்கும் பிரம்மச்சாரி, மத்தியானச் சாப்பாட்டை ஒரு டீ, ஒரு பன்னோடு முடித்துக்கொண்டு, 'டயட்ல இருக்கேன் மச்சான்' என்பார். ஊருக்கு அனுப்பும் பணத்தில் மட்டும் ஒரு ரூபாய் குறையாது.

'எங்க வீட்ல எப்படியோ சமாளிச்சுட்டோம் சார்' என்று நாம் மார்தட்டுகிறோமே... அந்த 'எப்படியோ'வுக்குள் இதெல்லாம்தான் இருக்கிறது.

எனவே என் கட்சி இதுதான்: வாயைக் கட்டுவது கடைசி ஐட்டமாக இருக்கட்டும். நம் வீட்டுக்கு எதையும் கொண்டு வராமல் வெளியே போகிற காசு கொஞ்சம் இருக்கிறது. முதல் வெட்டு அங்கே!

வட்டி மாமா

முதல் எதிரி கிரெடிட் கார்டின் 'மினிமம் டியூ'. இருபதாயிரம் பாக்கி என்று வையுங்கள். மாசம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 700 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 126 ரூபாய். மொத்தம் 826. நீங்கள் மினிமம் டியூ என்று 5 சதவீதம், அதாவது 1,000 ரூபாய் கட்டுகிறீர்கள். கடனில் குறைவது எவ்வளவு தெரியுமா? 174 ரூபாய்! மீதி 826 ரூபாய்க்கு ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வீட்டுக்கு வரவில்லை.

மாசம் மூன்றரை என்றால் வருஷத்துக்கு 42 சதவீதம். அந்தக் காலத்துக் கந்துவட்டிக்காரராவது வாசலில் வந்து கத்துவார். இவர் 'டியர் கஸ்டமர்' என்கிறார்! வருஷத்துக்கு 12, 14 சதவீதத்தில் பாங்கில் கடன் கிடைத்தால், வாங்கிக் கார்டை அடைத்துவிடுங்கள். அடைத்த கையோடு கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். சாவி வீட்டு அம்மாவிடம்!

ஒரு யூனிட் 233 ரூபாய்!

அடுத்தது கரண்ட் பில். தமிழ்நாட்டில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்கும்போது 500 யூனிட் என்பது லட்சுமணன் கோடு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 100 யூனிட் இலவசம். சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 501 ஓடினால்? 1,958 ரூபாய்!

ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். காரணம், 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 யூனிட் வரைக்கும் கிடைத்த இரண்டேகால் ரூபாய் ரேட் பறிபோய், அந்த நூறுக்கும் நாலரை ரூபாய் ஆகிவிடும். ரேட் பிற்பாடு மாறியது. ஆனால், பில்லை 'ஸ்லாப்' ஸ்லாபாகப் பார்க்கிற பழக்கம் எந்த ரேட்டுக்கும் உதவும்.

மாசம் ஒரு தடவை மீட்டரை எட்டிப் பாருங்கள். முதல் மாசமே 250-ஐத் தாண்டிவிட்டால், ஏ.சி.யை 18-லிருந்து 24-க்கு ஏற்றுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதக் கரண்ட் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பே சொல்லியிருக்கிறது. 18-ல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்கிற பழக்கம் பெரிய ஜமீன்தார்களுக்குச் சரி. நமக்கு எதற்கு?

(வாடகை வீட்டில் ஓனரே யூனிட்டுக்கு இத்தனை என்று ஒரே ரேட் வாங்கினால், இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.)

இளைத்த பாக்கெட்

விலையை ஏற்றினால் நாம் கத்துவோம் என்று கம்பெனிக்காரர்களுக்குத் தெரியும். அதனால் விலையைத் தொடுவதில்லை. பாக்கெட்டை இளைக்க வைத்துவிடுகிறார்கள். அதே பத்து ரூபாய், அதே படம், உள்ளே பிஸ்கட் மட்டும் ரெண்டு கம்மி! பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் எடை இருக்கும்; கிராமுக்கு எவ்வளவு என்றும் போட்டிருப்பார்கள். கடையில் நின்று அதைப் படியுங்கள். பின்னால் நிற்பவர் முறைத்தால் அவருக்கும் சேர்த்துப் படித்துக் காட்டுங்கள்.

அட்டையும் க்யூவும்

2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால், கடையில் லிட்டர் 60 ரூபாய்க்கு ஏறியது. ஆனால், மாத அட்டை வைத்திருந்தவர்களுக்கு பழைய 46-தான். தினம் ஒரு லிட்டர் வாங்கினால் மாசம் 420 ரூபாய் வித்தியாசம்! அட்டைக்கு ஒரு தடவை நடக்கச் சோம்பல்பட்டவர்கள் அத்தனை பேரும் அந்த 420-ஐ மாசா மாசம் கட்டினார்கள்.

ரேஷனும் அப்படித்தான். 2015-ல் துவரம் பருப்பு வெளியே கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது, ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குப் போட்டார்கள். 'நமக்கு எதுக்குங்க ரேஷன், க்யூவுல நிக்கணுமே' என்று டை கட்டிய பிரமுகர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். புது சினிமாவுக்கு மூணு மணி நேரம் நிற்கிற கால், பருப்புக்கு அரை மணி நேரம் நின்றால் தேய்ந்துவிடாது!

தக்காளி வேறு, வாடகை வேறு

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கவலை தீரும். சில விலைகள் ஏறி, இறங்கும். சில விலைகள் ஏறினால் ஏறினதுதான்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசாங்கமே விற்றது. வரத்து வந்ததும் விலை தானாக இறங்கியது. இந்த மாதிரி ஐட்டத்துக்குப் பதறவே கூடாது. நாலு வாரம் புளி ரசம், மோர்க்குழம்பு என்று ஓட்டிவிடலாம். நம் பாட்டிமார்கள் தக்காளியை நம்பியா சமைத்தார்கள்?

ஆனால், வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் இறங்கி யாராவது பார்த்ததுண்டா? அதற்கு ரசம் வைத்துப் பிரயோஜனமில்லை. அங்கேதான் பெரிய முடிவுகள் எடுக்க வேண்டும். ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி வீடு பார்ப்பதா, பைக் லோன் முடியும்வரை புது லோன் வேண்டாம் என்பதா, மானேஜர் கதவைத் தட்டுவதா... தட்டும்போது 'கஷ்டமா இருக்கு சார்' என்று தலையைச் சொறிய வேண்டாம். 40,000, 29,900 ஆன கணக்கை ஒரு பேப்பரில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மானேஜருக்கும் அதே விலைவாசிதானே!

எதை வெட்டக் கூடாது? மாத்திரையை! பிரஷருக்கும் சுகருக்கும் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே மாத்திரை தருகிறார்கள். மக்கள் மருந்தகங்களில் அதே மருந்து, கம்பெனி பெயர் இல்லாமல், குறைந்த விலைக்குக் கிடைக்கும். டாக்டரிடம் காட்டி, 'இதுக்குப் பதிலா அது சாப்பிடலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு மிச்சம் பிடிப்பது மிச்சமே அல்ல. பிற்பாடு ஐ.சி.யு.வில் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கணக்கையெல்லாம் தனியாக மொட்டை மாடியில் உட்கார்ந்து போடாதீர்கள். சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லாரும் இருக்கும்போது போடுங்கள். எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று நம்பரோடு சொல்லுங்கள். வீட்டில் சம்பளத்தைச் சொல்லாத புருஷர்கள் நம்மில் நிறைய. 'சொல்லிட்டா மரியாதை போயிடுமே' என்று என் பக்கத்து சீட்டு நண்பர் பயந்தார். 'ஏங்க, வங்கி மெஸேஜ் உங்க போன்ல வர்றதுக்கு முன்னாடியே நான் பார்த்துடறேன். மரியாதையெல்லாம் எப்பவோ போயாச்சு' என்றாராம் அவர் மனைவி!

நம்பரைச் சொன்ன கையோடு, ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த மாசம் நீ எதை வேண்டாம்னு விட்டுட்டே?'

முதலில் 'ஒண்ணுமில்லையே' என்றுதான் பதில் வரும். விடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். அம்மாவின் ராத்திரி டிபன், அப்பாவின் மாத்திரை, மனைவியின் ஆப்பிள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். கிரெடிட் கார்டிலும் கரண்ட் பில்லிலும் பால் அட்டையிலும் மிச்சம் பிடித்தோமே... அந்தப் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.