உணவும் உடல்நலமும்: ஒரு சொல்லுக்கு ஒரு சொல் போதுமா?

தமிழ்ப் பாடசாலை ஆண்டு மலரிலே ஆங்கிலச் சொற்களைப் பற்றி எழுதுவது எதற்கு எனப் பெற்றோர் சிலர் வினவக்கூடும். பிரித்தானிய மண்ணிலே பிறந்து வளரும் எமது செல்வங்கள் பாண், பால், பழம் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களை நேர்சரியிலேயே கற்றுவிடுகின்றனர். அவற்றை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயின் பிள்ளை கற்ற ஆங்கிலமும் அம்மம்மா பேசும் தமிழும் ஒன்றோடொன்று பொருந்தாத இடங்கள் பல உள. உணவிலும் நோயிலும் அவ்வாறு பொருந்தாது போனால் விளைவது வெறும் பிழையன்று. சில வேளைகளில் உயிருக்கே இடராகும்.

தாயகத்தில் நாம் ஆசிரியராயிருந்த நாளில், கரும்பலகையின் நடுவே கோடிட்டு இடப்புறம் ஆங்கிலச் சொல்லும் வலப்புறம் தமிழ்ச் சொல்லும் எழுதிப் பாடமாக்கச் செய்வது எங்கும் வழக்கம். பரீட்சைக்கு அது போதும். சமையலறைக்கும் வைத்தியரின் அறைக்கும் போதாது.

சோற்றிலிருந்தே தொடங்குவோம். வயலில் நிற்பது நெல், குற்றினால் அரிசி, ஆக்கினால் சோறு. ஆங்கிலேயர் வீட்டில் நெல் இல்லை. ஆதலால் அதனை விடுவோம். அரிசிக்கும் சோற்றுக்கும் அவர்களிடம் 'ரைஸ்' என்னும் ஒரே சொல்தான் உண்டு. நீரிழிவு உள்ள அப்பப்பாவுக்கு உணவு ஆலோசகர் கொடுக்கும் தாளில் 'ரைஸ்' என்றும், அதன் அருகே இத்தனை கிராம் என்றும் எழுதியிருக்கும். 100 கிராம் அரிசி வெந்தால் ஏறத்தாழ 250 முதல் 300 கிராம் வரை சோறாகும். ஆகவே வாசித்துச் சொல்லும் பிள்ளை அரிசி என்பதா, சோறு என்பதா? அப்பப்பாவின் கோப்பையில் விழும் சோறு அதைப் பொறுத்து மூன்று மடங்காகவும் கூடும். 'குக்ட்' என்னும் சிறு சொல் அருகில் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். இல்லையேல் கேட்டல் வேண்டும்.

'ஹொட்' என்பது இன்னொன்று. எமக்குச் சூடு வேறு, உறைப்பு வேறு. மூன்றாவது சூடொன்றும் எம்மிடம் உண்டு. நண்டும் மாம்பழமும் உடம்புக்குச் சூடு என்கிறோமே, அது. இதனை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால், ஆறவிட்டு உண்ணுங்கள் என்று வைத்தியர் அறிவுரை கூறுவார்!

நிற்க. நாம் மிகவும் அஞ்சுவது எள்ளைப் பற்றியே. இந்நாட்டுச் சட்டப்படி, ஒவ்வாமை தரும் 14 வகைப் பொருள்கள் உணவுப் பொதிகளில் எடுத்துக்காட்டப்பட வேண்டும். எள், கடுகு, நிலக்கடலை, மீன் என்பன அவற்றுட் சில. 2016ஆம் ஆண்டில் நற்றாஷா எட்னன்-லப்பரூஸ் என்னும் 15 வயதுச் சிறுமி, எள் சேர்ந்த பாணை உண்டு ஒவ்வாமையால் உயிர்நீத்தார். அப்பொதியில் எள் என்ற குறிப்பே இருக்கவில்லை. அவர் பெயரால் வழங்கும் சட்டம் 2021 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. கடையிலேயே ஆக்கிப் பொதி செய்து விற்கும் உணவுக்கும் இப்போது முழுச் சேர்மானமும் எழுதப்பட வேண்டும்.

ஆயின் எமது வீட்டு அடுப்படிக்கு அச்சட்டம் எட்டாது. 'செசமி' தனக்கு ஆகாது என்று பிள்ளை அறிந்திருக்கும். 'நல்லெண்ணெய்' என்ற சொல்லில் எள் எங்கே தெரிகிறது? எள்ளும் நெய்யும் புணர்ந்தே எண்ணெய் ஆயிற்று என்பதை இலக்கணம் கற்றோர் அறிவர். எட்டு வயதுப் பிள்ளை அறியுமா? போத்தலிலோ 'ஜிஞ்சலி' என்று மூன்றாவது பெயரொன்று பெரிதாய்க் காணப்படும். இவ்வாறே கச்சான் என்பதும் 'பீநட்' என்பதும் ஒன்றே. சம்பலில் இடிக்கும் மாசி மீனே என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவைத்தல் நன்று.

இனி உடலுக்கு வருவோம். 'அம்மாவுக்கு வருத்தம்' என்று நாம் சொன்னால் அது நோய். தமிழகத்து நூலைப் படித்த பிள்ளை அதனைத் துக்கம் என்று கொண்டு, அம்மா கவலையாயிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் கூறிவிடும். எமது கை தோளிலிருந்து விரல்நுனி வரை ஒன்றே. அவர்களுக்கு 'ஆர்ம்' வேறு, 'ஹான்ட்' வேறு. நாரியும் முதுகும் எமக்கு வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டுமே 'பாக்'. எனவே நோவுள்ள இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவதே சிறந்த மொழிபெயர்ப்பு. 'ஹார்ட்பேர்ன்' என்பதில் இதயம் இருப்பினும் இதயத்துக்கு அதில் பங்கில்லை. இரைப்பையின் அமிலம் மேலெழுவதால் வரும் நெஞ்செரிவு அது. மாறாக, நெஞ்சை இறுக்கிக் கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு எரிவன்று. அதற்குச் சொல் தேடி நில்லாது உடனே 999ஐ அழைக்க வேண்டும்.

எண்களும் அப்படியே. ஊரில் 98.4 என்று காய்ச்சல் பார்த்தவருக்கு இங்கே 37 என்பர். 38 என்றால் காய்ச்சல். ஊரில் குருதிச் சீனி 126 எனப்பட்டது இங்கே 7 ஆகும். ஏழுதானே என்று மகிழ்ந்து இலட்டு உண்டுவிடக் கூடாது. இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வரும்.

இத்தனையும் எழுதியதைக் கொண்டு, பிள்ளைகளை வைத்தியரிடம் மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லலாம் எனப் பெற்றோர் எண்ணிவிடலாகாது. பத்து வயதுப் பிள்ளையின் வாயால் தாய்க்குப் புற்றுநோய் என்று சொல்லவைப்பது அடாத செயல். தேசிய சுகாதார சேவையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிப் பெறலாம். சந்திப்புக்கு நாள் குறிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை கற்கும் சொற்கள் வீட்டுக்கும், கடைக்கும், அவசர வேளைக்கும் உதவட்டும்.

மாணவச் செல்வங்களே! இவ்விடுமுறையில் அம்மம்மாவுடனோ அப்பம்மாவுடனோ அடுப்படித் தட்டின் முன் நின்று, ஒவ்வொரு போத்தலிலும் தமிழ்ப் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். சீரகத்தையும் பெருஞ்சீரகத்தையும் முகர்ந்து பார்த்தே பிரியுங்கள். நல்லெண்ணெய்ப் போத்தலுக்கு மட்டும் மூன்று பெயர் எழுத இடம் விடுக.