சிதை மூட்டும் முன் கேளுங்கள்

2025 ஜூலை 28ஆம் தேதி ஜொகூர், கோத்தா திங்கி மருத்துவமனையில் 22 வயது பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இறந்தார். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூடிஎம்மில் படித்தவர்; பலாபெஸ் எனப்படும் சேமப்படை அதிகாரிப் பயிற்சிக்காக உலு திராம் சென்றவர். மகன் இறந்த விதத்தில் தாயாருக்குச் சந்தேகம். அவர் வழக்கறிஞர் வைத்தார், ஷா ஆலம் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். ஆகஸ்ட் இறுதியில் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. செமினியில் புதைத்த உடலை வெளியே எடுத்து, கோலாலம்பூர் மருத்துவமனையில் மறு சவப் பரிசோதனை செய்தார்கள்.

இப்படி ஒரு மரணம் நடந்தால் டிக்டாக்கிலும் புலனக் குழுக்களிலும் ஆளுக்கொரு சாவுக் காரணம் சொல்கிறார்கள். அவற்றில் ஒன்றுகூட அந்தப் புதைகுழியைத் திறக்கவில்லை. திறந்தது ஒரு தாயின் மனு.

நம் வீடுகளுக்கு இதில் பெரிய எச்சரிக்கை இருக்கிறது. அந்த மாணவரின் உடல் மண்ணில் இருந்ததால் ஒரு மாதம் கழித்தும் மருத்துவர்களால் பார்க்க முடிந்தது. நம்மில் பெரும்பாலோர் எரிக்கிறோம். எரிந்த உடலை மறுபடி பரிசோதிக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. சந்தேகத்தைச் சொல்ல நமக்கு இருப்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அந்த நேரத்தைத்தான் ஊகம் தின்றுவிடுகிறது.

சாவு வீட்டில் நடப்பது எல்லாருக்கும் தெரியும். யாரோ உடலைப் படம் எடுத்து அனுப்புவார்கள். "கழுத்தெல்லாம் நீலமா இருக்கு, விஷந்தான்" என்பார் ஒருவர். "முதுகைப் பாரு, அடிச்சிருக்காங்க" என்பார் இன்னொருவர். கடைசியாகத் தேநீர் கொடுத்த மருமகள் பொழுது சாய்வதற்குள் கொலைகாரி ஆகிவிடுவாள். போலீஸிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை. அவர்கள் கேட்டால், "அறுக்காம கொடுத்துடுங்க ஐயா" என்று கெஞ்சுகிறோம்.

படத்தைப் பார்த்து முடிவு கட்ட முடியாது. இதயம் நின்றதும் இரத்தம் உடலின் தாழ்ந்த பக்கத்தில் இறங்கித் தேங்கும். மல்லாந்து கிடந்தவரின் முதுகில் கருஞ்சிவப்பும் ஊதாவுமாகத் திட்டுகள் தெரியும். தரையில் அழுந்திய தோள்பட்டையும் பிட்டமும் மட்டும் வெளுத்திருக்கும். சில மணி நேரத்தில் அந்த நிறம் அப்படியே நிலைத்துவிடும். அடிபட்டுக் கன்றிய இடமும் ஏறக்குறைய இதே நிறம்தான். எது எது என்று அறியத் தடயவியல் மருத்துவர் அந்த இடத்தைக் கீறிப் பார்ப்பார். அடிபட்ட இடமானால் இரத்தம் தசைக்குள் ஊறியிருக்கும், கழுவினாலும் போகாது. வாயில் நுரை வந்தால் விஷம் என்பார்கள். இதயம் செயலிழந்தாலும் நீரில் மூழ்கினாலும் நுரை வரும். நம் ஊர் வெக்கையில் கிடந்த உடலில் தோல் உரிந்து தீக்காயம் போலத் தோன்றும், மூக்கு வழியே கருஞ்சிவப்பு நீர் வடியும். விலா எலும்பு முறிந்திருந்தால், உயிரைக் காப்பாற்ற மார்பை அழுத்தியபோது முறிந்ததாக இருக்கலாம்.

அப்படியானால் மருத்துவமனை சொன்னதைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டுமா? கூடாது. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா, யூஎஸ்ஜே தைப்பான் காவல் நிலையத்தில் இறந்த 22 வயது குகனை நாம் மறக்கக் கூடாது. நுரையீரலில் நீர் கோத்ததுதான் காரணம் என்றது முதல் அறிக்கை. நீர் கோப்பது எத்தனையோ சாவுகளில் காணப்படுவது. ஏன் கோத்தது என்பதற்கு அதில் பதில் இல்லை. குடும்பம் விடவில்லை. மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நடந்த இரண்டாவது பரிசோதனை, பலத்த அடிகளால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததை வெளியே கொண்டுவந்தது. 2013 ஜூனில் உயர் நீதிமன்றம் அவருடைய தாயாருக்கு 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. இறுதிச் சடங்குக்கு முன்பே கேட்டதால்தான் அந்த உண்மை பிழைத்தது.

கேட்பதற்குச் சட்டம் இடம் தருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் அத்தியாயம் முழுக்க மரண விசாரணை பற்றியது. திடீர் மரணமோ சந்தேக மரணமோ தெரியவந்தால் போலீஸ் விசாரித்தாக வேண்டும். வீட்டில் ஒருவர் இறந்தால் காவல் நிலையத்தில்தான் சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். என்ன கண்டீர்கள், எத்தனை மணிக்கு, அருகில் யார் இருந்தார், இறந்தவர் என்ன மருந்து சாப்பிட்டு வந்தார் என்பதைப் புகாரில் எழுதச் சொல்லுங்கள். யார் செய்திருப்பார் என்ற உங்கள் கணிப்பு அதில் வேண்டியதில்லை. இறந்தவரின் உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும். விசாரணை அதிகாரியிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

போலீஸ் வழக்கை எஸ்.டி.ஆர். என்று வகைப்படுத்தினால் பலர் மனம் உடைந்து போகிறார்கள். அது திடீர் மரண அறிக்கை, அவ்வளவுதான். புதிய தடயம் கிடைத்தால் அதே கோப்பைக் கொலை விசாரணையாக மாற்ற முடியும். மரணக் காரணம் நிலுவையில் என்று எழுதியிருந்தாலும் மூடி மறைக்கிறார்கள் என்று பொருள் இல்லை. இரத்தமும் இரைப்பையில் இருந்ததும் மலேசிய வேதியியல் துறைக்குப் போய் முடிவு வர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்.

முடிவில் திருப்தி இல்லையென்றால், மரண விசாரணை நடத்தக் கோரி அரசாங்கத் தலைமை வழக்கறிஞருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுக்கலாம். காவலில் நேர்ந்த மரணத்துக்கு அதே சட்டத்தின் பிரிவு 334 தனியாகவே வழி சொல்கிறது. 2014 முதல் செஷன்ஸ் நீதிபதிகளே மரண விசாரணை நீதிமன்றத்தில் அமர்கிறார்கள். இங்கே காரணம் என்றால் உடலில் கண்ட காயம் மட்டும் இல்லை; அந்த நிலைக்கு இறந்தவர் எப்படி வந்தார், யாராவது சட்டவிரோதமாகச் செய்ததோ செய்யத் தவறியதோ அதற்குக் காரணமா என்பதும் சேரும். குடும்பம் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம். வசதி இல்லாதவர்கள் ஜொகூர் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடலாம். தீர்ப்பை உயர் நீதிமன்றம் மறு ஆய்வு செய்யவும் வழி உண்டு. 2019இல் சிரம்பான் அருகே இறந்து கிடந்த ஐரிஷ்–பிரெஞ்சுச் சிறுமியின் வழக்கில் 2021 ஜனவரியில் விபத்து மரணம் என்றார்கள்; பெற்றோர் விடாமல் போராட, அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் அதை மாற்றி, காரணம் உறுதியாகவில்லை என்று அறிவித்தது. இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக மூன்றாண்டுக் கெடு; அதற்குள் வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.

ஊகத்தைப் பரப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் சபாவில் 13 வயது மாணவி இறந்தபோது, முதலில் சவப் பரிசோதனையே நடக்கவில்லை. மக்கள் கேள்வி கேட்டது நியாயம். அதன் பிறகுதான் உடல் தோண்டி எடுக்கப்பட்டது. ஆனால் அந்தச் சிறுமியைச் சலவை இயந்திரத்தில் போட்டார்கள் என்று பரவிய கதை அவளுடைய தாயின் காதிலும் விழுந்ததே. காயங்கள் அதற்குப் பொருந்தவில்லை என்று தடயவியல் மருத்துவர் பின்னர் விசாரணையில் சாட்சியம் சொன்னார். பொய்த் தகவல் வெளியிட்டதாக நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களும் உண்டு. தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் பிரிவு 233, 2025 பிப்ரவரி முதல் 500,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ விதிக்க இடம் கொடுக்கிறது. "வந்ததைத்தான் அனுப்பினேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என நினைக்காதீர்கள்.

ஊகத்தில் இன, சமய நிறம் ஏறினால் நிலைமை இன்னும் மோசம். 2018 நவம்பரில் சீபீல்ட் மாரியம்மன் கோயில் கலவரத்தில் காயமுற்ற தீயணைப்பு வீரர் முகமட் அடிப் டிசம்பரில் இறந்தார். மரண விசாரணை தீர்ப்பு வந்தது 2019 செப்டம்பரில். அவர் எப்படிக் காயமுற்றார் என்ற ஊகம் பரவிய இடைப்பட்ட மாதங்களில் நாடு முழுக்கத் தமிழர்கள் எத்தனை சங்கடத்தோடு வேலைக்கும் கடைக்கும் போய் வந்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

ஊகத்தில் உங்கள் பெயர் அடிபட்டால் பதிலுக்குக் காணொளி போடாதீர்கள். தேதியும் கணக்கின் பெயரும் தெரியும்படி பதிவைப் படம் பிடித்து வைத்து, போலீஸிலும் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியிலும் புகார் கொடுங்கள். அவதூறு வழக்குத் தொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஜொகூரில் இறுதிச் சடங்கு நடத்திக் கொடுப்பவர்களையும் பண்டாரங்களையும் கோயில் நிர்வாகத்தினரையும் கேட்டுக்கொள்கிறேன்: குடும்பத்தில் ஒருவருக்காவது சந்தேகம் இருந்தால், நேரம் தவறுகிறது என்று அவசரப்படுத்தாதீர்கள். அவர்கள் போலீஸ் நிலையம் போய் வரும்வரை சிதையைக் காக்க வையுங்கள்.