அடைபட்ட இருபத்திரண்டாம் துறை

தொலைவில் நிற்கும் கணிப்பொறியின் அருகே செல்லாமல், மறைமொழி பூண்ட வலையிணைப்பின் வழியே அதனுள் புகுந்து கட்டளையிட்டு ஆளுதல் தொலைநுழைவு எனப்படும். பலர்க்கும் பலவற்றை வழங்குவதால் அக்கணிப்பொறி வழங்கி. ஒவ்வொரு பணிக்கும் எண்ணிட்டு ஒதுக்கப்பட்ட அதன் வாயில் துறை. தொலைநுழைவுக்குரிய துறையெண் 22. மரக்கலம் புகுமிடத்திற்கும் கட்டளை புகுமிடத்திற்கும் ஒரே சொல் பொருந்தி நிற்பது எம் தூத்துக்குடிப் பக்கத்தார்க்குத் தனி மகிழ்வு. 1995இல், பின்லாந்தின் தாத்து இலோனன், தம் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் களவுபோனதைக் கண்டு வகுத்த நெறிமுறையே இன்று எசு.எசு.எச்சு என உலகெங்கும் வழங்குகிறது.

சாத்தான்குளத்தில் இருந்துகொண்டு சென்னையிலுள்ள வழங்கியைப் பேணும் ஒருவர், இரவில் அதன் மென்பொருளைப் புதுப்பிக்கிறார் எனக் கொள்வோம். வழங்கி அணைந்து எழுகிறது. எழுந்தபின் அவரை உள்ளே விடவில்லை. மறுபடியும் அணைத்து எழுப்பவே கை பரபரக்கும். அதனால் பெரும்பாலும் பயனில்லை. வழங்கி எவ்வாறு மறுக்கிறது என்பதை அறிவதே முதற்பணி. அம்மறுப்பை வாளாமை, ஏலாமை, இசையாமை என மூன்றாகப் பகுக்கலாம்.

எவ்விடையும் வராமல் காத்திருப்பு நீள்வது வாளாமை. அரண்நிரல் வழியை அடைத்திருக்கலாம், வலையிணைப்பே எழாதிருக்கலாம். நொடியும் தாழாமல் இணைப்பைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் ஏலாமை. இதில் கணிப்பொறி உயிரோடு உள்ளது, வழியும் திறந்துள்ளது. துறையில் செவிசாய்க்கும் வாயில்நிரல்தான் இல்லை. அமைப்புக் கோப்பில் ஒரு வரி பிழைத்தாலும் அந்நிரல் எழாது. உபுண்டு என்னும் இயங்குதளத்தின் 22.10 பதிப்பில் துறையில் செவிசாய்க்கும் பணியே வேறொரு நிரலிடம் மாறியதால், வழமையான கோப்பில் துறையெண்ணை மாற்றுவது செல்லாமற்போயிற்று.

இசையாமையே மூன்றனுள் நுட்பமானது. வாயில்நிரல் விழித்திருக்கிறது, நம்மோடு பேசுகிறது, ஆயினும் நம் திறவியை ஏற்கவில்லை. திறவி என்பது இணையாகப் பிறக்கும் இரு பேரெண் தொகுதி: பொதுத்திறவி வழங்கியில் இருக்கும், தனித்திறவி நம் கையை விட்டு நீங்காது. நுழையும்போது தனித்திறவியால் ஒரு செய்தியில் கையொப்பமிடுகிறோம்; வழங்கி பொதுத்திறவியால் அதனை ஒப்புநோக்குகிறது. 2021இல் வெளிவந்த, எசு.எசு.எச்சு நெறிமுறைக்கான மென்பொருளாகிய ஓப்பன் எசு.எசு.எச்சு 8.8, ஆர்.எசு.ஏ. திறவியோடு எசு.எச்சு.ஏ-1 என்னும் பழைய சுருக்கமுறையால் இடப்படும் கையொப்பத்தை இயல்பிருப்பில் விலக்கியது. திறவியில் பழுதில்லை, கையொப்பமிடும் முறை முதுமையுற்றது. நம் பக்கத்து மென்பொருளைப் புதுப்பித்தாலே அதே திறவி மீண்டும் செல்லும். இதனை அறியாது நல்ல திறவியை அழித்துவிட்டு மாற்றுத் திறவியை உள்ளே வைக்க வழியின்றி நிற்பது, பூட்டிய வீட்டின் முன் சாவியைக் கிணற்றில் எறிவதற்கு ஒப்பாகும். திறவிக்கோப்பிலோ அது இருக்கும் அடைவிலோ பிறர் எழுதும் உரிமை இருப்பினும் வாயில்நிரல் இசையாது. இக்கண்டிப்பு எனக்கு உடன்பாடே.

மறுப்பின் கரணியத்தை வழங்கி தன் பதிகையில் எழுதிவைக்கிறது. அதனைப் படிக்க, வழங்கி வாடகைக்குத் தருவோர் பலர் முனையவழி ஒன்றை அமைத்துள்ளனர். திரையும் விசைப்பலகையும் நேரே பொருத்தியது போன்ற அவ்வழி 22ஆம் துறையைச் சாராதது; அடைபட்டபின் மீட்சி அதன் வாயிலாகவே.

அடைபடாமற் காக்கும் முறை எம் கடலுக்குப் பழக்கமானது. முன்னாளில் இங்கு முத்துக்குளித்தவர் கல்லின் எடையால் ஆழத்தில் இறங்கி, அடிநிலம் தொட்டதும் கல்லை விடுவார்; தோணியில் இருப்பவர் பிடித்துள்ள மற்றொரு கயிறு அவரை மேலேற்ற எஞ்சியிருக்கும். வாயில்நிரலை மட்டும் நிறுத்தி எழுப்பினால் முன்னரே திறந்துள்ள இணைப்பு பொதுவாக அறுபடாது. ஆதலின் அவ்விணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டே இரண்டாம் சாளரத்தில் புதிதாக நுழைந்து பார்த்தல் வேண்டும். நுழைய இயலாவிடின் மேலேற்றும் கயிறு போன்ற அம்முதலிணைப்பைப் பற்றியே பிழையைத் திருத்தலாம். முழுக் கணிப்பொறியையும் அணைத்தெழுப்பும் புதுப்பிப்பில் இக்கயிறும் அறும். அதனால் முனையவழியில் நுழைய முடிகிறதா என முன்னரே பார்த்துவைத்தல் வேண்டும்.

இரண்டாம் கயிறில்லா இடமும் உண்டு. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங்-1 கலத்திற்கு, மின்கலம் ஏற்றும் நிரலைப் புதுப்பிக்க 1982இல் கட்டளை விடுக்கப்பட்டது. அக்கட்டளை, அலைவாங்கியை நிலவுலகு நோக்கித் திருப்பும் குறிப்புகளின்மேல் தவறுதலாக எழுதப்பட்டது. பின்னர் எத்தனையோ முறை அழைத்தும் கலத்திலிருந்து விடையில்லை. வாளாமையின் கரணியத்தை நேரில் பார்க்க விசைப்பலகையோடு செல்வார் எவருமில்லை.