உடம்பு வளைந்தால் மட்டும் போதுமா?

இந்த முறை நான் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி எழுதுகிறேன். "நம்ம ஊர்ல அது எங்கடி இருக்கு?" என்று கேட்காதீர்கள். விளையாட்டு பீரியடில் நாம் சக்கரம் சுற்றுவது, பின்பக்கம் வளைந்து பாலம் போடுவது, பையன்கள் வாய்க்கால் கரையில் பல்டி அடிப்பது எல்லாம் அதில் சேர்ந்ததுதான். அடிபடுவதும் அதே மாதிரிதான்.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் உடம்பு ரப்பர் மாதிரி வளையணும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வளைவது பாதி வேலைதான். வளைந்த உடம்பைப் பிடித்து நிறுத்தப் பலம் வேண்டும். பாலம் போடும்போது பாருங்கள், தோளும் தொடையும் இறுக்கமாக இருந்தால் முதுகின் கீழ்ப்பக்கம் மட்டும்தான் மடியும். தினமும் அந்த ஒரே இடம் மடிந்தால் முதுகெலும்பில் மெல்லிய விரிசல் விழலாம். கட்டுக் கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அந்த மாதிரி.

தீபா கர்மாகரைத் தெரியுமா? திரிபுரா மாநிலம் அகர்தலாவைச் சேர்ந்தவர். 1993-ல் பிறந்தார். அவருக்குப் பாதம் தட்டை. ஓடித் தாவுகிறவர்களுக்கு அது பெரிய குறை. பல வருடப் பயிற்சியில் அதைச் சமாளித்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் புரொடுனோவா என்ற தாவலைச் செய்தார். ஓடி வந்து மேசையில் கை ஊன்றி, காற்றில் முன்பக்கமாக இரண்டு பல்டி அடித்துக் காலில் நிற்க வேண்டும். தலையோ கழுத்தோ முதலில் பட்டால் கதை முடிந்தது. தீபா காலில்தான் இறங்கினார், ஆனால் கிட்டத்தட்ட உட்கார்ந்த மாதிரி இறங்கினார். 15.066 புள்ளி, நான்காம் இடம். வெண்கலம் வாங்கியவருக்கு 15.216. வித்தியாசம் 0.150தான்!

அடுத்த வருடமே முட்டிக்குள் எலும்பையும் எலும்பையும் கட்டிப் பிடிக்கிற நாருக்கு ஆபரேஷன். 2018-ல் துருக்கியில் திரும்ப வந்து தங்கம் வாங்கினார். 2024-ல் ஓய்வு பெற்றார்.

அதனால் பறப்பதற்கு முன்னால் இறங்கப் பழக வேண்டும். குதித்து இறங்கும்போது நம் எடையைப் போல பல மடங்கு பாரம் காலில் விழும். காலை விறைப்பாக வைத்தால் அது நேரே முட்டிக்கும் முதுகுக்கும் போகும். முட்டியை மடக்கி இறங்கினால் தொடைத் தசை அதை வாங்கிக்கொள்ளும். பெஞ்சிலிருந்து சத்தமே வராமல் குதித்துப் பாருங்கள், பூனை மாதிரி. அப்போது இரண்டு முட்டியும் உள்பக்கம் சாயக் கூடாது, கால் விரல் பார்க்கும் பக்கமே பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு முட்டி உள்ளே சாய்வது அதிகம், அந்த நார் அறுவதும் அதிகம். விழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பின்னால் விழும்போது கையை விறைப்பாக ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். தாடையை நெஞ்சோடு சேர்த்து உருண்டுவிட வேண்டும்.

இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரிந்திருந்தால் என் மணிக்கட்டு தப்பியிருக்கும். போன ஆண்டு விழாவுக்காக வீட்டு சிமெண்ட் தரையில் தினமும் ஐம்பது சக்கரம் சுற்றினேன். மணிக்கட்டு வலித்தது. சொன்னால் நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்களே என்று பத்து நாள் சொல்லவே இல்லை. தைலம் தடவி, முழுக்கை சட்டை போட்டு மறைத்தேன். வீங்கிய பிறகு பாட்டி பார்த்துவிட்டு, "சுளுக்குதாண்டி, எண்ணெய் போட்டு எடுத்து விட்டா சரியாப் போயிடும்" என்று நீவினார். நான் கத்தியதில் பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்துவிட்டார்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர்தான் விளக்கினார். நம் வயதில் எலும்பின் நுனிக்குப் பக்கத்தில் வளர்கிற இடம் ஒன்று உண்டு. அது குருத்தெலும்பு, எலும்பை விட மென்மை. பெரியவர்களுக்கு நார் அறுகிற இடத்தில், நமக்கு இந்த வளர்கிற இடம் அடிபடும். வெளியே பார்த்தால் சுளுக்கு மாதிரியேதான் இருக்கும். கவனிக்காமல் விட்டால் அந்த எலும்பு சரியாக வளராமல் போகலாம். எனக்கு ஆறு வாரம் கட்டு. விழாவுக்குப் பார்வையாளராகத்தான் போனேன். (1997 முதல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 16 வயது நிறைகிற வருடத்தில்தான் அனுமதி. நம்மை மாதிரி வளர்கிற உடம்பைக் காப்பதற்குத்தான்.)

அடிபட்டால் நீவ வேண்டாம், சூடு வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து, அடிபட்ட இடத்தை உயர்த்தி வையுங்கள். எலும்பின் மேலேயே தொட்டால் வலித்தாலோ, ஊன்ற முடியாவிட்டாலோ அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் டோக்கியோவில், 2021-ல், காற்றில் சுழலும்போது மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை என்று போட்டியை நிறுத்திக்கொண்டார். பயந்தவர் என்று திட்டினார்கள். 2024 பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார். நான் பத்து நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே!

பயிற்சிக்கு வருவோம். முதலில் ஐந்து நிமிடம் மெதுவோட்டம், கை கால் வீசுதல். உடம்பு சூடாகாமல் இழுத்தால் தசை பிடித்துக்கொள்ளும். நீட்டி நிறுத்துவதைக் கடைசியில் செய்யுங்கள், 30 விநாடி, குலுக்காமல். முக்கியமாக, யாரும் யார் முதுகிலும் ஏறி அழுத்தக் கூடாது (ஏழாம் வகுப்புத் தங்கைகளே, உங்களைத்தான்). பலத்துக்கு உட்கார்ந்து எழுதல், குதிகால் தூக்குதல், கம்பியில் தொங்குதல் போதும். மல்லாந்து படுத்து, இடுப்பு தரையை விட்டு எழாமல் கையையும் காலையும் கொஞ்சம் தூக்கித் தோணி மாதிரி 20 விநாடி இருங்கள். வயிறு நடுங்கும், அதுதான் பலம் வரும் இடம். ஒல்லியாகணும் என்று சத்துணவு முட்டையைப் பக்கத்து இலைக்குத் தள்ள வேண்டாம். சாப்பிடாத உடம்பில் எலும்பும் இளைக்கும்.

இப்போது நானும் நான்கு தோழிகளும் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பி.டி. டீச்சர் முன்னால் மணலில் பழகுகிறோம். சுவரோரம் கை ஊன்றி நிற்பது வரை வந்திருக்கிறேன், சக்கரம் இன்னும் சுற்றவில்லை. சேர விரும்புகிறவர்கள் வரலாம். நம்மிடம் மெத்தை இல்லை, மழை பெய்தால் மணலும் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். வரும்போது யாராவது ஒருத்தர் மண்வெட்டி எடுத்து வாருங்கள், கிளறிவிட்டுத்தான் ஆரம்பிப்போம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி